துவக்குப் பிடிப்போர் செவியைக் காப்பது எங்ஙனம்?

2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டு விழாவிலே துருக்கி நாட்டைச் சேர்ந்த யூசுப் டிக்கேச் என்னும் 51 வயது வீரர், பத்து மீற்றர் வளியழுத்தக் கைத்துப்பாக்கிக் கலப்பு இரட்டையர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பதக்கத்திலும் பார்க்க அவர் நின்ற கோலமே உலகெங்கும் பேசப்பட்டது. ஏனைய வீரர் பலர் விசேட வில்லைகளும் பெரிய காதுமூடிகளும் அணிந்து நிற்க, இவரோ சாதாரண மூக்குக் கண்ணாடியுடன், ஒரு கையைக் காற்சட்டைப் பையிலிட்டுக்கொண்டு, மாலையில் உலாவப் புறப்பட்டவர் போல நின்று சுட்டார். அப்படம் எமது வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது. "சேர், கெட்டிக்காரனுக்குக் காதுமூடி ஒன்றும் தேவையில்லைப் போலே" என்றான் ஒரு மாணவன். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம்.

பின்னர் அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உண்மை புலனாயிற்று. டிக்கேச்சின் காதுகளில் மஞ்சள் நிறமான சிறு அடைப்பான்கள் இருந்தன. அவருடன் சோடியாக நின்ற தர்ஹான் என்னும் வீராங்கனையோ காது முழுவதையும் கவிக்கும் பெரிய மூடி அணிந்திருந்தார். இருவரும் தத்தம் செவியை அடைத்துக்கொண்டே நின்றனர். மறுநாள் அம்மாணவனை அழைத்துப் படத்தைக் காட்டினோம். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் எது நல்லது சேர், பெரியதோ சிறியதோ?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதலானோம்.

ஒரு வேட்டின் வலிமை

வளியழுத்தத் துப்பாக்கியின் ஓசை அத்துணைப் பெரிதன்று. அங்கே செவியை அடைப்பது சூழவுள்ள ஆரவாரத்தினின்று மனத்தை ஒதுக்குவதற்கும் உதவுகின்றது. ஆயின் வெடிமருந்து நிறைத்த துவக்கின் செய்தி வேறு.

ஓசையின் அளவை டெசிபெல் என்னும் அலகினாற் குறிப்பர். இவ்வலகு சாதாரண அளவுகோல் போன்றதன்று. 10 டெசிபெல் கூடினால் ஓசையின் வலு பத்து மடங்காகும். 20 கூடினால் நூறு மடங்காகும். தொழிற்சாலையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்பவர் 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையைக் கேட்டல் கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமாகிய நையோஷின் பரிந்துரை. வேட்டோசை போன்று கணப்பொழுதில் எழுந்து மறையும் ஓசைக்கு 140 டெசிபெலே உச்ச எல்லை. சிறுவர்க்கு இவ்வெல்லையை 120 எனக் குறைத்துரைத்தது உலக சுகாதார நிறுவனம்.

இனித் துவக்குகளைப் பார்ப்போம். 0.22 அங்குலக் குழலுடைய சிறு றைபிளின் வேட்டு, சுடுபவரின் காதருகே ஏறக்குறைய 140 டெசிபெல் அளவுக்கு எழும். 'ஷொட்கன்' எனப்படும் சிதறுகுண்டுத் துவக்கு 150 முதல் 165 வரை செல்லும். பெரு வேட்டைக்குரிய றைபிள்கள், உதைப்பைத் தணிப்பதற்காகக் குழல்வாயில் துளைத்தலை பூட்டப்பட்டிருப்பின், 170 ஐயும் தாண்டுவதுண்டு. 165 டெசிபெல் வேட்டு, எல்லையாகிய 140 ஐ விட முந்நூறு மடங்குக்கு மேல் வலுவுடையது.

இவ்வளவும் ஓரிரு மில்லி செக்கனில் நிகழ்ந்து முடிகின்றது. பேரோசை கேட்டதும் நடுச்செவியிலுள்ள சிறு தசை இறுகி ஓசையைத் தடுக்க முயல்வதுண்டு. இயற்கை எமக்கு அளித்த காவல் அது. ஆயின் அத்தசை இறுகுவதற்குள் வேட்டோசை உட்செவியை அடைந்துவிடுகின்றது.

காடைக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை

உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்ட ஒரு குழாய் உளது. அதனுள்ளே வரிசை வரிசையாக மயிர்க்கலங்கள் நிற்கின்றன. ஓசையை நரம்பு அறியும் செய்தியாக மாற்றுபவை இவையே. கண்ணின் விழித்திரையில் ஒளியுணர் கலங்கள் பத்துக் கோடிக்கு மேல் உள. காதுக்கு வாய்த்த மயிர்க்கலங்களோ சுமார் 15,000 மட்டுமே. இவை சிதைந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை.

பறவைகளின் நிலை அவ்வாறன்று. பேரோசையால் அழிந்த மயிர்க்கலங்கள், வளர்ந்த காடையின் செவியிலே புதிதாகத் தோன்றியதை 1988 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டனர். கோழிக்குஞ்சிலும் அவ்வாறே. வேடன் குறி தவறி, காடை தப்பிப் பறந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த வேட்டினால் காடையின் செவி கெட்டிருந்தாலும் சில வாரங்களில் தேறிவிடும். வேடனுடைய செவியில் கெட்டது கெட்டதே.

எம் மாமனாரின் செவி

வன்னியிலே வயல் செய்த எம் தாய்மாமனார் ஒருவர் இருந்தார். பன்றிக்கும் பறவைக்கும் காவலாக இடியன் துவக்கு ஒன்று வைத்திருந்தார். இரவிற் காவற்கொட்டிலில் இருந்து வெடி வைப்பார். காதில் ஒன்றும் இடும் வழக்கம் அவருக்கில்லை. அக்காலத்தில் அவ்வூரில் எவருக்கும் இல்லை.

ஐம்பது வயதளவில் அவர் இயல்பு மாறிற்று என்று வீட்டார் குறைப்பட்டனர். மாமியார் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்களின் பேச்சுக்கு விடை சொல்வார். பெண்பிள்ளைகளின் பேச்சுக்குப் பேசாதிருப்பார். "தனக்கு வேண்டியதுதான் அவருக்குக் கேட்கும்" என்பது வீட்டில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நாமும் ஒருவர்.

வேட்டோசை கெடுக்கும் செவியின் இயல்பை இப்பொழுது அறிந்தபின் அச்சிரிப்பை எண்ண வெட்கமாக உளது. வேட்டினால் முதலில் அழிவது மிக உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன், சிறப்பாக 4,000 ஹேர்ட்ஸ் அளவைச் சூழ்ந்த பகுதி. தாழ்ந்த சுருதி நன்றாகவே கேட்கும். ஆகையால் ஆணின் தடித்த குரல் விளங்கும். பெண்ணின் குரலும் குழந்தையின் குரலும் தெளிவிழந்து போகும். மேலும், பேச்சிலே உயிரெழுத்துக்கு வலுவுண்டு. மெய்யெழுத்தைப் பிரித்துக் காட்டுவனவோ உயர்சுருதி கொண்ட மெல்லிய ஓசைகள். 'பத்து', 'பட்டு', 'பற்று' என்னும் மூன்றும் அத்தகைய செவிக்கு ஒன்று போலவே ஒலிக்கும். ஒருவர் பேசுகிறார் என்பது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது. விளங்காதவர் இரண்டு முறை "என்ன?" என்று கேட்பார், மூன்றாம் முறை கேட்க நாணிப் பேசாதிருப்பார். எம் மாமனார் செய்ததும் அதுவே.

வலத்தோளில் துவக்கை ஊன்றிச் சுடுபவர்க்கு இடக்காதே முன்னதாகக் கெடும். இடக்காது குழல்வாயை நோக்கி நிற்க, வலக்காது தோளோடு ஒடுங்கித் தலையின் மறைவில் இருப்பதே காரணம். மாமனாரும் விருந்தினர் வந்தால் தலையைத் திருப்பி வலக்காதையே கொடுப்பார்.

எமக்கும் இதிற் பங்குண்டு. சிறு பிராயத்தில் ஒருநாள் அவருக்கு இடப்புறம், ஓரடி முன்னதாக, வேடிக்கை பார்த்து நின்றோம். வெடி தீர்ந்தது. எமது வலக்காதில் இரண்டு நாள் வண்டு இரைவது போல இரைந்தது, பின் அடங்கிவிட்டது. அடங்கியதும் காது சுகமாயிற்று என்றே எண்ணினோம். சென்ற ஆண்டு செவிப்புலன் பரிசோதனை செய்தபோது, வலக்காதின் வரைபில் 4,000 ஹேர்ட்ஸுக்கு நேரே ஒரு பள்ளம் தெரிந்தது. "எப்பொழுதாவது துவக்கு வெடி கேட்டீர்களா?" என்று வைத்தியர் வினவினார். நாம் சுட்டதேயில்லை, பக்கத்தில் நின்றதுதான் உண்டு.

அடைப்பானும் மூடியும்

செவிக்காப்பு புதிய எண்ணமன்று. கிரேக்கக் காவியமாகிய ஒடிசியிலே கப்பலோட்டிகளின் காதைத் தேன்மெழுகால் அடைத்த கதையுண்டு. அதே முறையைப் பின்பற்றி மெழுகும் பஞ்சும் சேர்ந்த காதடைப்பானை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் மக்ஸ் நெக்வர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று வழங்குவனவற்றை இரு குலமாகப் பிரிக்கலாம்: காதின் துளைக்குள் இடும் அடைப்பான், காதை வெளியே கவிக்கும் மூடி.

அடைப்பான்களுள் மலிவானதும் வலியதும் நுரைப்பஞ்சாலானது. அழுத்தினால் ஒடுங்கி, விட்டால் மெல்ல விரியும் பொருள் அது. ஆனால் அதனை இடும் முறையை அறிந்தவர் சிலரே. விரல்களுக்கிடையில் உருட்டி மடிப்பின்றி மெல்லிய திரியாக்க வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னாகக் கொணர்ந்து காதின் மேற்பகுதியைப் பற்றி மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துளை நேராகும். உடனே திரியை உட்செலுத்தி, அரை நிமிடம் வரை விரலால் தாங்கிப் பிடித்தல் வேண்டும். சரியாக இட்டால் எதிரே நிற்பவர்க்கு அதன் நுனி அரிதாகவே தெரியும். பாதிக்கு மேல் வெளியே துருத்தி நிற்குமாயின் அது அழகுக்கு அணிந்த அணியேயன்றிக் காப்பாகாது. அழுக்குக் கையால் உருட்டுதலும் ஆகாது.

உருட்டத் தேவையற்ற, விளிம்புகள் உடைய இறப்பர் அடைப்பானும் உண்டு. அதனைக் கழுவிப் பன்முறை பாவிக்கலாம். காதின் அச்செடுத்து ஒருவர்க்கெனவே வார்க்கும் அடைப்பானும் உண்டு. விலை அதிகம், அடிக்கடி சுடுபவர்க்கு ஏற்றது.

மூடியை அணிதல் எளிது; சிறுவர்க்கும் பழக்கமற்றவர்க்கும் அதுவே தக்கது. ஆயின் மூடியின் மெத்தை கன்னத்தோடும் மண்டையோடும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். கண்ணாடியின் தடித்த காலும், கூந்தலும், தொப்பியின் விளிம்பும் அம்மெத்தையைத் தூக்கி ஓசைக்கு வழிவிடும். துவக்குப் பிடிப்போர் கண்ணுக்கும் காப்பணிதல் கட்டாயமாகையால், மெல்லிய கால்களையுடைய கண்ணாடியைத் தேர்தல் நன்று. றைபிளின் பிடியிற் கன்னத்தைச் சாய்க்கும்போது பருத்த மூடி இடித்து நகர்வதும் உண்டு. அவர்க்கென ஒடுங்கிய மூடிகள் கிடைக்கின்றன. வாங்குமுன் துவக்குப் பிடிக்கும் கோலத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

வெறும் பஞ்சை அடைப்பது போதிய காப்பாகாது. வெற்றுத் தோட்டாக் கூட்டைக் காதில் செருகுவது ஆபத்து. பாட்டுக் கேட்கும் கருவிகளும், விமானப் பயணத்தில் இரைச்சலைக் குறைக்கும் கருவிகளும் வேட்டோசைக்காக ஆக்கப்பட்டவையல்ல.

பெட்டியின் மேலுள்ள எண்

கடையிற் கேட்டால் பெட்டியின் மேலுள்ள எண்ணைக் காட்டுவர். அமெரிக்காவில் 1979 ஆம் ஆண்டு முதல் இடம்பெறும் எண் 'என்.ஆர்.ஆர்.' எனப்படும், ஐரோப்பியப் பெட்டிகளில் 'எஸ்.என்.ஆர்.' என்றிருக்கும். எத்தனை டெசிபெல் தணியும் என்பதை இவை குறிக்கும். இரண்டும் வெவ்வேறு முறையாற் கணிக்கப்படுவன, ஒன்றையொன்று ஒப்பிடலாகாது.

இவ்வெண் ஆய்வுகூடத்திலே, முறையறிந்து அணிந்தவரிடம் பெற்றது. வெளியுலகில் அவ்வளவு கிடைப்பதில்லை. இதனை உணர்ந்தே நையோஷ் நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் ஒரு கழிவு முறையைக் கூறிற்று. மூடியாயின் எண்ணில் காற்பங்கும், நுரைப்பஞ்சாயின் அரைப்பங்கும், ஏனைய அடைப்பானாயின் நூற்றுக்கு எழுபது பங்கும் கழிக்க என்றது. 32 என்று குறித்த நுரைப்பஞ்சு சராசரி மனிதனிடம் 16 ஆகவே பயன்படும். 24 என்று குறித்த மூடியோ 18 ஆகப் பயன்படும். பெட்டியில் எட்டு எண் முன்னின்றது, காதில் இரண்டு எண் பின்தங்கிவிட்டது. ஆயின் நுரைப்பஞ்சைச் சரிவர இடப் பழகியவர்க்கு இத்துணைக் கழிவு வேண்டியதில்லை. விலை கொடுத்துப் பெறும் காப்பிலும் பழகிப் பெறும் காப்பே பெரிது என்பதை மாணவர்கள் இக்கணக்கிலிருந்து அறிக.

அடைப்பானும் இட்டு, மேலே மூடியும் அணிந்தால் இரண்டு எண்களையும் கூட்டலாமோ? கூட்டலாகாது. இரண்டில் பெரியதோடு ஏறக்குறைய 5 டெசிபெல் சேரும், அவ்வளவே. காதை எவ்வளவு இறுக அடைத்தாலும் மண்டையோட்டின் வழியே ஓசை உட்செவியை எட்டுவதால் எக்காப்புக்கும் ஓர் எல்லையுண்டு. எனினும் பெரிய றைபிளுக்கும், சுவர்கள் ஓசையைத் திருப்பியெறியும் உள்ளரங்கத்திற்கும் இவ்விரட்டைக் காப்பே ஏற்றது. அந்த 5 டெசிபெல் மும்மடங்குத் தணிவாகும்.

பொருத்தம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு வழக்கே சான்று. அமெரிக்கப் போர்வீரர்க்கு வழங்கப்பட்ட இருமுனைக் காதடைப்பான் ஒன்று சில காதுகளுக்கு நீளம் போதாமையால், அணிந்தவர் அறியாமலே தளர்ந்துவிட்டது என்று வீரர்கள் பெருந்தொகையாக வழக்குத் தொடுத்தனர். அதனை விற்ற 3எம் நிறுவனம் குற்றத்தை ஏற்காமலே, 2023 ஆம் ஆண்டில் 600 கோடி டொலர் கொடுத்துத் தீர்க்க உடன்பட்டது.

வேட்டைக்காரரின் நியாயம்

வேட்டைக்காரர் பலர் காப்பணிய மறுப்பதற்கு ஒரு நியாயம் சொல்வர். "காதை அடைத்தால் சருகின் ஓசை எப்படிக் கேட்கும்? பக்கத்தில் நிற்பவன் எச்சரித்தால் எப்படி அறிவது?" என்பர். அது வீண்வாதமன்று. அதற்கு விடையாகவே இலத்திரனியற் காதுமூடி தோன்றிற்று. அதன் வெளியே உள்ள ஒலிவாங்கி மெல்லிய ஓசைகளைப் பெருக்கிக் கொடுக்கும்; ஓசை 85 டெசிபெல் அளவை எட்டியதும் பெருக்குவதை நிறுத்திவிடும். அப்பொழுது செவியைக் காப்பது மூடியின் தடித்த ஓடே. மின்கலம் தீர்ந்தாலும் சாதாரண மூடியாக அது பயன்படும். நுண்டுளையுள்ள அடைப்பான் வேறொரு வகை. சாதாரணப் பேச்சை உள்ளே விட்டு, வேட்டின் அதிர்ச்சியை மட்டும் தடுக்கும். மின்கலம் வேண்டாம், ஆனால் காப்பு சற்றுக் குறைவு.

சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளிலோ ஓசையை வாங்கித் தரும் கருவி பொருத்திய காப்பு வீரர்க்கு அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே வேட்டைக்கு வாங்கியதைப் போட்டிக்கும் கொண்டுசெல்லலாம் என்று எண்ணலாகாது. பின்லாந்து, நோர்வே முதலிய நாடுகளில் வேட்டைக்காரர் குழல்வாயில் ஒலிதணிப்பான் பூட்டுவது வழமை. அது 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். அங்கும் அதனோடு காதுக்காப்பும் அணிவதே அறிவுடைமை.

எமது நாட்டில்

எமது நாட்டில் வேட்டை ஒரு பொழுதுபோக்கன்று. 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளைக் கொல்வதற்குக் கடுந்தடைகள் விதித்துள்ளது. ஆயினும் வெடியோசைக்கு முன் நிற்பவர் எம்மிடையே குறைவல்லர். கடேற் அணியில் றைபிள் பழகும் மாணவர் உளர். காவற் கடமையில் நிற்போர் உளர். யானை வரும் எல்லைக் கிராமங்களில் யானைவெடி கொளுத்தி இரவெல்லாம் விழித்திருக்கும் கமக்காரர் உளர். போர்க் காலத்தில் எறிகணையோசை கேட்டு, இன்றுவரை காதிரைச்சலோடு வாழ்வோரும் எம் அயலில் உளர். அவர்களுக்கு எஞ்சியிருக்கும் செவியை இனியாவது காத்தல் வேண்டும்.

கமக்காரர் மின்சூள் வைக்கும் பையிலேயே ஒரு சோடி அடைப்பானையும் வைத்திருக்கலாம். கடேற் அணிக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், சுடுபவனுக்கு மட்டுமன்றி வரிசையில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் காப்பிருப்பதை எண்ணிப் பார்த்த பின்னரே சுடக் கட்டளையிடுதல் வேண்டும். நூறு வேட்டுக்குக் காப்பணிந்து ஒரு வேட்டுக்கு மறந்தாலும் அந்த ஒன்றே தீங்கு செய்யப் போதும். வேட்டின் பின் காது மந்தமானாலோ இரைச்சல் நீங்காதிருந்தாலோ "தானாக மாறும்" என்று காத்திராமல் உடனே வைத்தியரிடம் செல்க. முதற் சில நாட்களே சிகிச்சைக்கு உரிய காலம்.

மாணவனுக்குச் சொன்ன விடை இதுதான்: பெரியதும் நல்லதே, சிறியதும் நல்லதே, உன் காதோடு இடைவெளியின்றிப் பொருந்தி, முதல் வேட்டுக்கு முன் ஏறி, கடைசி வேட்டுக்குப் பின் இறங்குவது எதுவோ அதனை வாங்கு. அவன் இப்பொழுது நுரைப்பஞ்சை உருட்டி இடும் முறையைத் தன் தோழருக்குக் காட்டிக் கொடுக்கின்றான்.

எம் மாமனார் காலமாகிச் சில ஆண்டுகளாயின. கடைசிக் காலத்தில் அவருடைய பேத்தி மடியிலிருந்து கதை சொல்வாள். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்து, அவள் சிரிக்கும்போது தாமும் சிரிப்பார். கதை விளங்கித்தான் சிரித்தாரோ என்று நாம் அன்று கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பாரேயாகில், அவரைப் பரிகசியாமல் அருகே சென்று, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். செவிப்புலன் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.